கிடந்த எட்டு

நீர்கொழும்பில் ஒரு பல் வைத்தியர் விற்றார்.
ஐம்பத்தைந்து மில்லிமீற்றர், யப்பானில் செய்தது,
என்னைவிடப் பதினான்கு வயது மூப்பு.
"பின்கண்ணாடி ஓரத்தில் நூலளவு பூஞ்சணம்,
படத்தில் விழாது"
கேட்க முன்னமே சொன்னார் பெர்னாந்துபுள்ளே.
இருபத்தையாயிரம்.
பூஞ்சணத்துக்கு மூவாயிரம் கழிவு.
எங்கே அனுப்ப என்றார்.
ஒட்டுசுட்டான் என்றேன்.
தொலைபேசி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.
பிறகு இன்னும் இரண்டாயிரம் குறைத்தார்.
அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

பழஞ்சாரத்தில் சுற்றிய பொதி
முல்லைத்தீவு பஸ்ஸில்
சாரதியின் முதுகுக்குப் பின்னால் வந்தது.
ஓமந்தையில் யாரும் இறக்கவில்லை, அவிழ்க்கவில்லை.
அந்த நேரம் பார்த்து
வீட்டிலிருந்த நான்தான்
இரண்டுமுறை மணிக்கூட்டைப் பார்த்தேன்.

ரோச் அடித்து உள்ளே பார்த்தேன்.
ஆறு இதழும் ஈரமில்லாமல் மூடித் திறந்தன.
வளையம் மட்டும் இறுக்கம்,
உள்ளே கிறீஸ் கட்டிப்போயிருந்தது.
எங்கள் வெயிலில் ஒரு கிழமை கிடந்து
தானே இளகிற்று.

முப்பது வருடம் அது வாய்களைப் பார்த்திருக்கிறது,
கடைவாய்ச் சொத்தை,
வீங்கிய முரசு,
ஆவென்று பயந்த பிள்ளைகளின் உள்நாக்கு.
இனி அதற்கு நெல்லின் அடித்தண்டு.

தானாகக் குவியாது.
முதலில் வளையத்தைத் திருகி அளவை வைத்துக்கொள்,
பிறகு அதைத் தொடாதே.
நீ போ. நீ வா.
சேற்றில் முழங்கால் புதைய
அரிசி மணி தூரம் முன்னே, அரை மணி பின்னே.
குவியம் இருப்பது கண்ணாடியில் அல்ல,
இடுப்பில்.
கபிலத் தத்தியின் கண் தெளிந்தால்
அதன் கால் புகை.
கால் தெளியும்போது
மூச்சு விட்டுவிடுவேன்,
எல்லாம் புகை.

சிவபாதத்தாரின் வயலில்
ஒரு ஓநாய்ச் சிலந்தி கிடைத்தது.
வாயில் தத்தி, வயிற்றின் பின்னால் முட்டைப் பை.
அந்த மாதம் நான் எடுத்ததில் அதுதான் படம்.
"இது நிக்கிற வயலுக்கு மருந்து வேண்டாம்."
போதனாசிரியை சொன்னால் எழுத்து.
அவர் திரையைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
"உண்மையில இது எவ்வளவு பெரிசு?"
"உளுந்து மணி அளவு."
"உங்கட படத்தில நாய் அளவு நிக்குது, பிள்ளை."
அடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள்
நான் திரும்ப அதே வரம்போரம் குந்தியிருந்தேன்,
இன்னொரு சிலந்தி, இன்னும் கிட்ட.
"எழும்புங்கோ" என்றார்.
எழும்பினேன்.

வளையத்தை முழுக்கத் திருகினேன்.
அடிக்கணக்கு செம்மஞ்சளில் ஓடியது,
மீற்றர்க் கணக்கு வெள்ளையில்,
நீண்டிருந்த கழுத்து ஆமைபோல் உள்ளே போய்
கிடந்த எட்டில் முட்டி நின்றது.
முடிவிலி.
பல் வைத்தியருக்கு அது தேவைப்பட்டிராது.
நானும் அங்கே போனதில்லை.

வயல் முழுவதும் ஒரே தெளிவு.
பச்சைக்கு நடுவே
சூடடிக்கும் களம் அகலத்துக்கு ஒரு வட்டம்,
வைக்கோல் நிறம்,
விளிம்பு வெட்டினாற்போல.
பக்கத்தில் இன்னொன்று, சின்னது, இப்போதுதான் தொடங்குவது.
வட்டத்தின் நடுவே சிவபாதத்தார் போய் நிற்கிறார்.
உளுந்து மணி அளவு.

காப்புறுதிக்கு அந்தப் படம் தேவைப்பட்டது.
கந்தோரில் அச்செடுத்துக் கொடுத்தேன்.
நெற்கட்டை கட்டையாக எண்ணலாம்,
அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததும் தெரிகிறது.
அவர் பார்த்தது மேல் மூலையை,
வானத்தில் ஒரு சாம்பல் மங்கலை.
"முகிலோ?"
"இல்லை. கண்ணாடிக்குள்ள பூஞ்சணம்."

படத்தை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"அதுக்கும் மருந்தடிக்கத் தேவையில்லையோ?"