மயிரிழை கீழே

வியாழன் மாலை. கிளாக்ஸ்விக் துறைமுகம்,
மீன் கிடங்கின் மேல்மாடி.
கையுறை கழற்றியும் சால்மன் வாடை போகாத
முப்பத்தெட்டுப் பேர் நாங்கள்.
ஓரத்து மடக்கு நாற்காலிகளில் மூன்று பிள்ளைகள்:
செல்லோவுக்குப் பின்னால் பாதி மறைந்த மார்யுன்,
காலணிக் கயிறு அவிழ்ந்த டிரம்பெட்காரன் பார்ட்டுர்,
ஓபோவின் சீவாளியை நாக்கில் நனைத்தபடி யோகன்.

அவர்களுக்கு முதலில் இருபத்து நான்கு ஆவர்த்தனம் ஓய்வு.
அதுவரை எங்கள் குரல் மட்டும்.

நன்றாகத்தான் பாடுகிறோம் என்றிருந்தோம்.
குளிரோ, நாளெல்லாம் நின்ற காலோ,
சரணத்துக்குச் சரணம்
சுமை ஏற்றிய படகாய்ச்
சுருதி தாழ்ந்துகொண்டே போயிருக்கிறது.
முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து இறங்கினால்
யாருக்குத் தெரியும்?

அந்த மூவருக்குத் தெரிந்தது.
மார்யுன் புருவம் நெரித்தாள்;
வில் படாத தந்தியில் விரலை நகர்த்தி நகர்த்தி
எங்களைத் தேடினாள்.
பார்ட்டுர் குழாயை
அரை விரற்கடை வெளியே இழுத்தான்.
யோகன் பாவம்.
ஓபோ அவ்வளவு தூரம் வளையாது.

ஹெர்போர்க் கை காட்டினாள்.
செல்லோ நுழைந்தது,
தாளில் எழுதியிருந்த இடத்தில் அல்ல,
நாங்கள் இருந்த இடத்தில்.
டிரம்பெட்டும் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது.
யோகன் ஓபோவை மடியில் கிடத்தி
தன் பதினாறு ஆவர்த்தனங்களையும்
உதட்டுக்குள் எண்ணி முடித்தான்.
ஒன்றுகூடத் தவறவில்லை.

எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.
அடுத்து நின்ற தோரா என் காதில்,
"அந்தப் பையன் தூங்கிட்டானா?" என்றாள்.

அவன் சீவாளியைத் துடைத்து
டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தான்.