நகவெட்டி

கத்தரிக்கோல்தான் கேட்டோம்.
இலை வெட்டுகிற கை வேறென்ன கேட்கும்?
மனுத்தாக்கல் முடியக் கால்மணி நேரம் இருக்கையில்
ஆலங்குளம் ரோட்டிலிருந்து ஒரு கார் வந்தது.
இறங்கியவள் பெயரும் ஆவுடைத்தங்கம்.
எங்கள் ஆவுடைத்தங்கத்துக்கு இனிஷியல் மு.
அவளுக்கு சு.
அதற்கு முன் அவளைத் தெருவில் பார்த்தவர்கள் இல்லை,
அதற்குப் பின்னும் இல்லை.

சின்னத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
கத்தரிக்கோல் சு.வுக்குப் போயிற்று.
மீந்திருந்த படங்களில் ஒன்றைப்
பேனா முனையால் தொட்டுக் காட்டினார் அதிகாரி.
"இது காலியா இருக்கும்மா."

பீடிக்காரிக்கு நகவெட்டி!
முக்கூடல் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்தது.
"நகத்த வெட்டிட்டா பீடி வாய எத வச்சுட்டி மடக்கது?"
என்று கேட்டாள் பிச்சம்மாள்.
ஆவுடையக்காவும் சிரித்தாள்,
தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே.
பதினெட்டு வருஷமாக வளர்த்த நகம்.

மூன்று தடவையாக அண்ணாச்சிதான் ஒன்றியக் கவுன்சிலர்.
கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன்.
எங்கள் அப்பா இறந்த அன்று
ஐஸ்பெட்டி அனுப்பினார், வாடகை வாங்கவில்லை.
சடங்கு வீட்டுக்கு அண்டா, கொடைக்கு மைக்செட்
எல்லாம் அவர் வளவிலிருந்துதான் வரும்.
தண்ணீர் மட்டும் வராது.
கூப்பிடுதூரத்தில் ஆறு ஓடுகிறது.
குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை
காற்று வரும், பிறகு துரு வரும்.

கிராமசபையில் ஆவுடையக்கா
குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.
"தண்ணி வார வரைக்கும் இது நாற்காலி" என்றாள்.
அவளுக்காக அலைவது என்று
அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது.

நோட்டீசுக்குத் துட்டு காணவில்லை.
லேபிள் தாளின் பின்பக்கத்தில் நாங்களே வரைந்தோம்.
நான் வரைந்த நகவெட்டி தவளை மாதிரி இருந்தது.
வீடுவீடாகப் போய்ச் சொன்னோம்:
"கத்தரி இல்ல மதினி. நகவெட்டி. கத்தரி இல்ல."
சொல்லச் சொல்லவே தெரிந்தது,
இல்லை என்ற சொல் வாசலில் நின்றுவிடுகிறது,
கத்தரிதான் வீட்டுக்குள் போகிறது.

கடைசி ராத்திரி கவர் வந்தது.
எனக்கும் ஒன்று. வாங்கினேன்.
ஐந்நூறு.
அதில் இருநூறுக்கு எங்கள் ஏஜெண்டுகளுக்குப்
புளிச்சோறும் தண்ணி பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன்.
மிச்சத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எண்ணுகிற பள்ளிக்கூடத்தில்
கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நான்.
பச்சைச் சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டினார்கள்.
இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு என்று
பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கட்டுகிறவள்,
பருமனைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.
ஒரு சீட்டில், நகவெட்டிமேல்,
முத்திரைக்குப் பதில் யாரோ பெருவிரலை ஊன்றியிருந்தார்கள்.
புகையிலை நிறம்.
செல்லாது என்று ஓரமாகப் போட்டார்கள்,
கம்பெனியில் கழிவுக் கூடைக்கு வீசுகிற அதே வீச்சு.

அண்ணாச்சி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மு. ஆவுடைத்தங்கம் எழுநூற்று முப்பத்தொன்று.
சு. ஆவுடைத்தங்கம் அறுநூற்று எண்பத்தெட்டு.
வெளியே வெடி.
கடைசி இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்.
மறுபடியும் கூட்டினேன்.
அக்கா கூட்டினாளா, தெரியாது.
"பஸ்ஸுக்குச் சில்லறை வச்சிருக்கியாட்டி?" என்றாள்.

வீட்டில் அத்தை நடையிலேயே நின்றாள்.
"செயிச்சிட்டாளா?
நானும் உங்க சின்னத்தையும்
சரியா கத்தரிலதான குத்துனோம்."

"ஆமா அத்தே" என்றேன்.
இலை நனைத்துப் போட்டிருந்தாள்.
நாளைக்கு ஆயிரம் எண்ணிக் கொடுக்க வேண்டும்.