பன்னிரண்டு துண்டுகள்

உப்புவெளியில் அந்த வீட்டை
வெள்ளைக்காரருக்கு அறை அறையாய் விடப்போகினமாம்.
வெள்ளிக்குள் வெளிக்கிடச் சொல்லி
போனில் ஒரு நிமிசம், அவ்வளவுதான்.

தயாநிதி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.
சட்டி பானையைச் சாக்கில் கட்டிவிட்டு
வழமைபோலச் சீட்டுக் காசோடு வந்தாள்.
ஐயாயிரம், ஒரு தாளும் குறையவில்லை.
அதுதான் எங்களைச் சுட்டது.

பேணியைக் குலுக்கினோம்.
அவளின் சின்னவன்தான் துண்டு எடுத்தான்.
பன்னிரண்டிலும் ஒரே பேரை எழுதியிருந்தாள் ஃபாயிசா.
களவுதான்.
ஆறு மாதமாய்த் தன் முறைக்குக் காத்திருந்த புவனலோஜினி
முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பிப் போனாள்.

அறுபதாயிரம்.
சல்லியில் ஓர் அறை, ஒரு குசினி,
மூன்று மாத முற்பணம்.
நாலாம் மாதத்தைப் பற்றி
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தயாநிதி பேணிக்குள் கைவிட்டு
ஒரு துண்டை விரித்தாள்.
இன்னொன்றை.
பிறகு எல்லாவற்றையும் பழையபடி மடித்து
வீட்டுத் திறப்பு கிடந்த பையில் வைத்தாள்.

வெளியில் கோர்ன் அடித்துக் கேட்டது.
புருசனின் லாண்ட்மாஸ்டரோடு வந்து நின்றாள் புவனலோஜினி.
முகம் இன்னும் அப்படியேதான்.
"அலுமாரியை முதல்ல ஏத்துங்கோ" என்றாள்,
"மழை வரப்போகுது."