நான்கு மணி நாற்பது நிமிடம்

கோபன்ஹேகன். அடுத்த விமானத்துக்கு
நான்கு மணி நாற்பது நிமிடம்.
தோகாவிலிருந்து வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்:
முத்திரைக்கு இருபது, ரயிலுக்குப் பதினைந்து,
வண்ண வீடுகள் நிற்கும் கால்வாய்க்கு முப்பது,
சுழன்று ஏறும் கோபுரத்துக்கு
ஏற இறங்க நாற்பது,
உச்சியில் ஒரு படத்துக்கு இரண்டு.
சாப்பாட்டுக்கு எதுவும் ஒதுக்கவில்லை.
நின்றுகொண்டே தின்னப் பழகியவள் நான்.

முத்திரை குத்துபவர் கேட்டார்: எத்தனை நாள்?
நாள் இல்லை, மணி என்றேன்.
சிரிக்கவில்லை. குத்தினார்.

ஓட்டுநர் இல்லாத ரயில்.
நானே ஓட்டுவதுபோல் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன்.
இரண்டாவது நிறுத்தத்தில் கதவு திறந்தது,
மூடவில்லை.
கூரையிலிருந்து ஒரு குரல்
டேனிஷில் ஏதோ வருத்தம் தெரிவித்தது.
யாரும் உச்சுக்கொட்டவில்லை.
ஒருவர் சைக்கிளை இறக்கினார்.
தோளில் துண்டோடு ஒருத்தி
என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:
"அரை மணி. சில சமயம் அரை நாள்."

என் கணக்கு அங்கேயே குப்புற விழுந்தது.
அவள் பின்னால் ஏன் நடந்தேன் என்று
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
துண்டு போகும் திசையில் தண்ணீர் இருக்கும்,
அவ்வளவுதான்.

"கிட்டே" என்றாள் கை நீட்டி.
கடல்தான் கிட்டே என்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன்.
அது அவள் பெயர்.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறாள்.
காலை ஷிஃப்டுக்கும் மாலை ஷிஃப்டுக்கும் நடுவே
இரண்டு மணி நேரம்.
வீடு தூரம், கடல் பக்கம்.
"உன் பெட்டி என்ன நிறம்?"
"சாம்பல்."
"எல்லாமே சாம்பல். ஏன்?"
என்னிடம் பதில் இல்லை.

கடலுக்குள் மரத்தாலான ஒரு வளையம்.
கரையிலிருந்து நீளும் நடைபாதை
நத்தைபோல் தன்னையே சுற்றிக்கொண்டு நிற்கிறது.
தூரத்தில் சுவீடனுக்குப் போகும் பாலம்,
வரிசையாகக் காற்றாலைகள்,
ஒன்று மட்டும் சுற்றாமல்.
செப்டம்பர்க் கடைசி. பலகையில் சாக்பீஸால்
தண்ணீர் பதினான்கு என்று எழுதியிருந்தது.
வழுக்கைத் தலையர் ஒருவர்
பேப்பர் படிக்கும் முகத்தோடு அதில் நின்றிருந்தார்.
ஏணியில் இரண்டு பெண்கள் தகராறு செய்தார்கள்;
குரோனர் என்ற சொல் மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது.

கிட்டே மூன்றே படியில் காணாமல் போனாள்.
வெளியே வந்தபோது உதடு நீலம், முகம் புதுசு.
"இறங்கு."

மாற்றுடை பெட்டியில். பெட்டி எங்கேயோ.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்கு ஒன்று கடலில்,
மற்றது பெர்கன் விமானத்தின் வாசலில்.
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
மூன்றாம் படியில் நின்றேன்.
குளிர் என் எலும்பைக்
கரும்புபோல் கடித்துப் பார்த்தது.
நான்காம் படியில் பாசி.

இடுப்புவரை.

தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரங்களை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு ஏறியது.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும்தான்.
நான் அலறிக்கொண்டிருந்தேன்.
வழுக்கைத் தலையருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

கறுப்பு ரொட்டி, ஊறவைத்த மீன்,
பாதியைப் பிய்த்து நீட்டினாள்.
உட்கார்ந்து தின்றோம்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

திரும்பும்போது சோதனைக் கருவிக்கு
என் இடுப்பின்மேல் சந்தேகம்.
கையுறைக்காரி தொட்டுப் பார்த்து "மழையா?" என்றாள்.
வெளியே நல்ல வெயில்.
"கடல்" என்றேன்.
சரி என்று அனுப்பிவிட்டாள்,
இங்கே அது போதுமான பதில் போல.

கோபுரம் பார்க்கவில்லை.
கால்வாய் வீடுகள் என்ன நிறமோ.

எனக்கு நடு இருக்கை. விமானம் சாய்ந்தபோது
ஜன்னலோரத்து மனிதரின் காதுக்கும் தோளுக்கும் இடையே
அந்த மர வளையத்தைத் தேடினேன்.
காதுதான் தெரிந்தது.

பெர்கனில் எழுந்தேன்.
இருக்கையில் ஒரு ஈர வட்டம்.
அடுத்து வந்து உட்காருபவருக்குக்
கொஞ்சம் கடல்.