ஐம்பது லிட்டர்

லீ பஜாரில் டப்பாவைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர்.
"அரிசி போட்டு வைக்கவா, கம்பளி போட்டு வைக்கவா?"
கம்பளி என்றேன்.
ஏற்காட்டுக்கு மாற்றலாகிப் போகிறவன் வாயில்
அந்தப் பொய் பொருத்தமாகவே இருந்தது.
ஐம்பது லிட்டர். மூடிக்கு நான்கு க்ளிப்.
முந்நூற்றுத் தொண்ணூறு என்றதை
முந்நூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தேன்.

சேலத்தில் சூடு ஒரு கவலையே இல்லை.
கொண்டலாம்பட்டி ஓட்டு வீட்டில் மே மாதம்
அதற்கும் எனக்கும் ஒரே ஈரத்துணி.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும்
கணக்கு தலைகீழ்.

சால்டரிங் அயர்னைக் காயவைத்துப்
பக்கத்துக்குப் பன்னிரண்டு துளை.
மின்வாரியத்தில் பதினோரு வருஷம், கை நடுங்கவில்லை.
புகைதான் இரண்டு நாள் நாக்கில் கசந்தது.
துளை போடுவது பெரிதில்லை.
உருகி வழிந்த ஓரம் உள்ளே முள்ளாக நிற்கும்,
செதிலைக் கிழிக்கும்.
பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து,
ஒரு பிடி பஞ்சை உள்சுவரெங்கும் இழுத்தேன்.
ஏழாவது துளையில் ஓர் இழை மாட்டியது.
மறுபடி உப்புத்தாள். மறுபடி பஞ்சு.
என் படுக்கையை யாரும்
இப்படித் தடவிப் பார்த்ததில்லை.

மூன்றிலொரு பங்குக்கு மட்டும் அடியில் சூட்டுப்பாய்.
அந்தக் கோடியில் முப்பத்திரண்டு,
இந்தக் கோடியில் இருபத்தாறு.
இடையில் எங்கே படுப்பது என்பது அதன் இஷ்டம்.
கவிழ்த்த பூந்தொட்டியில் ஒரு விள்ளல் உடைத்து வாசல்.
தரைக்குப் போன வாரத்துச் செய்தித்தாள்.
தண்ணீருக்குக் கல் கிண்ணம், தள்ளினாலும் சாயாதது.

பால் பைத்தான் என்று பெயர்.
பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.
சொன்னால் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கேட்பதில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் அரை லிட்டர் பாக்கெட்
கதவுப்பிடியில் தொங்கும்.
டீ போட்டுக் குடித்துவிடுகிறேன்.
பதிவுத்தாள் ரேஷன் கார்டோடு அலமாரியில்.
உறைந்த எலி ஃப்ரீசரில், இட்லி மாவுக்கு ஒரு தட்டு மேலே.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, பதினொன்றே கால்.
சவரிநாதன் ஜீப்பில் ஹாரன் அடித்தான்.
சில்வர் ஓக் சாய்ந்து நாகலூர் லைன் போயிற்று.
தூக்கத்திலிருந்து எழுந்து மழைக்கோட்டுக்குள் கையை விட்டபடி ஓடினேன்.

ஆஸ்பத்திரி இருட்டு. ஏரிக்கரை லாட்ஜெல்லாம் இருட்டு.
போன் அடித்துக்கொண்டே இருந்தது.
கம்பத்தின் மேல், பனி மூக்கில் ஏற,
இணைப்பு எண் இல்லாத ஒரு நுகர்வோரை
நினைத்துக்கொண்டிருந்தேன்.
மணிக்கு மூன்று டிகிரி இறங்கினால், இப்போது இருபத்து மூன்று.
இப்போது இருபது.
"செத்த லைனா உசிருள்ள லைனா, பாத்துத் தொடுப்பா,"
கீழிருந்து கத்தினான் சவரிநாதன்.

வீடு சேர நாலரை.
மூடியின் ஒரு மூலை தூக்கியிருந்தது.
நான்காவது க்ளிப்.
படுக்கப் போகுமுன் தண்ணீர் மாற்றியவன் நான்தான்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இல்லை.
சிலிண்டர் அடியில் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தேன், அதிலும் இல்லை.
கடைசியாகத்தான் கட்டில்.
நான் உதறிப்போட்டுப் போன கம்பளிக்குள்,
என் இடுப்பு அழுத்திய பள்ளத்தில்,
தலையை நடுவில் ஒளித்து ஒரு பந்து.

பார்க்காமல் தொட்டேன்.
மழையில் கிடந்த கேபிள் மாதிரி குளிர்ந்திருந்தது.
எவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருந்தேனோ.
உள்ளங்கைக்கு அடியில் எதுவோ
மெல்ல இறுகியது.

பாய் சூடேற இருபது நிமிஷமாகும்.
அதுவரைக்கும் சட்டைக்குள்.

கதவு தட்டப்பட்டது.
"கரண்ட் வந்துருச்சா தம்பி?"
விலா எலும்பை ஒட்டி ஒரு நகர்வு.
"வந்துருச்சுக்கா" என்றேன்.