மாதம் 13

தெசியே மருத்துவமனை வாயிலில்
பொழுது புலர்வதற்குள் வந்து நின்றாள் அஸ்னகெச்.
கைப்பேசியில் வந்த செய்தி: மணி பன்னிரண்டு.
எத்தியோப்பியாவில் பன்னிரண்டென்றால்
இரவு கணக்கு முடித்துக்கொள்ளும் நேரம்.
விடிந்து ஒரு மணி போனால் ஒன்று.

செவிலி எழுதியதோ மூன்று,
வெயில் முற்றத்தில் பாதிவரை வரும் மூன்று.
நிரல் அதை கிரீன்விச்சின் மூன்றாக எடுத்துக்கொண்டது,
நம் தொலைவுக்கு இன்னொரு மூன்று கூட்டி ஆறாக்கியது,
ஆறை ஊர்க்கணக்குக்குத் திருப்பிப்
பன்னிரண்டாக்கி அனுப்பிவைத்தது.
எந்தப் படியிலும் கூட்டல் தப்பவில்லை.
நான் எழுதிய நிரல்தான்.

திர் மாதக் குளிர்.
காவலர் யிமாம் தன் கரியடுப்பைக்
காலால் அவள் பக்கம் தள்ளினார்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சாளரம் திறந்ததும் திரை சொன்னது:
குழந்தைக்கு வயது எட்டு, இந்த ஊசி வேண்டியதில்லை.
அஸ்னகெச் போர்வையை விலக்கிக் காட்டினாள்.
எட்டு வயது மெக்தெஸ்
பல் இல்லாத வாயைத் திறந்து
கொட்டாவி விட்டாள்.

அவள் பிறந்தது 2015, பாகுமே ஆறு.
எங்கள் பதின்மூன்றாம் மாதத்துக்கு ஐந்தே நாள்,
நான்காண்டுக்கொரு முறை ஆறு.
அந்த ஆறாவதில் வந்தவள்.

13 என்று அடித்தால்
மாதம் வரம்புக்கு வெளியே என்கிறது தரவுத்தளம்.
எனக்கு முன் இந்த மேசையிலிருந்த செய்து
என்ன செய்வான், வாசல்வரை வரிசை,
பன்னிரண்டாம் மாதம், முப்பது என்று போட்டான்.
அட்டவணை வாய்மூடி வாங்கிக்கொண்டது.
என் நிரல் அதை எடுத்து
அந்த 2015-ஐ ஐரோப்பாவின் 2015 என்று நம்பி
டிசம்பர் முப்பதில் அவளைப் பிறக்கவைத்தது.
எங்கும் சிவப்பெழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை.
பிழை என்று ஒருமுறை கத்தியிருந்தால்
பிழைத்திருப்போம்.

மாலையில் தேடினேன்.
அந்த ஒரு முப்பதாம் தேதியில் மட்டும்
நாற்பத்தொரு பிரசவம்.
இருப்பது இரண்டு கட்டில்.

இப்போது மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன்:
தாய் சொன்ன நாள், சொன்ன எழுத்திலேயே.
எந்த நாட்காட்டி என்பது பக்கத்தில்.
கடைசியில் மாதமும் பெயருமற்ற
வெறும் நாளெண்ணிக்கை, ஒப்பிட மட்டும்.

பிறகு தொலைபேசி.
"ரூஃபாயேல் திருநாள். ஊரே மழையில் நனைந்தது,
என்னை மட்டும் விடவில்லை" என்றாள் ஒருத்தி.
எழுதினேன்: பாகுமே மூன்று.
"மறுநாள் புத்தாண்டு, தெருவில் பந்தம் கொளுத்தினார்கள்."
ஆறு.
ஒரு கணவர்:
"சம்பளமில்லாத நாள்."
பாகுமேவில் எந்த நாளுக்கு ஐயா சம்பளம்?
"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பதினொரு எண்கள் அடித்து ஓய்ந்தன.
வெற்றாக விடாதே, சுழியம் போடு என்றார் மேலாளர்.
சுழியம் போட்டால் பதினொன்றும்
1970 ஜனவரி ஒன்றில் பிறந்துவிடும்,
அவரைவிட மூத்தவர்களாக.
அறியேன் என்பதற்கு
அறியேன் என்றுதான் எழுத வேண்டும்.
வெற்றிடமாகவே இருக்கின்றன.

மெக்தெஸ் ஊசி போட்டுக்கொண்டு
கட்டடம் அதிர அழுதாள்.
செவிலி ஏட்டில் குறித்தார்: மூன்று நாற்பது.
பகலா, இரவா என்று கேட்டேன்.
பேனாவை நிறுத்தி
என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பகல் என்று
நானே எழுதிக்கொண்டேன்.