பதினெட்டாவது பணப்பை

பள்ளிக் கட்டுரைகளில் நான்
பதினேழு பணப்பைகளைக் கண்டெடுத்திருக்கிறேன்.
எல்லாம் கறுப்பு, எல்லாம் தோல்,
எல்லாவற்றிலும் கத்தை கத்தையாக நோட்டு.
ஒவ்வொரு முறையும் கதிரவன்
தன் பொற்கரங்களை நீட்டிக்கொண்டிருந்தான்.
அம்மா கொடுத்த பட்டியலோடு
நான் ஈரச்சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் பத்தியில் வானிலை.
இரண்டாவதில் ‘திடீரென்று’.
மூன்றாவதில் மனசாட்சி, இரண்டு வரிக்கு மிகாமல்,
இருதலைக்கொள்ளி எறும்பும் உண்டு.
அப்புறம் போலீஸ் நிலையம்.
உரிமையாளர் ஆனந்தக் கண்ணீர் வடிப்பார்,
வெகுமதி நீட்டுவார்,
நான் பணிவோடு மறுப்பேன்.
இடியாப்ப அச்சு அது.
எந்த மாவைப் போட்டாலும் ஒரே நூல்.

உண்மையான பணப்பை
ஈசூனில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்,
அஞ்சல்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது.
மழை விட்டும் விடாத நேரம்.
நீலத் துணி. ஒட்டாத வெல்க்ரோ.
உள்ளே பன்னிரண்டு வெள்ளி,
சுரண்டிய தொலைபேசி அட்டை ஒன்று,
முன்பல் விழுந்த ஒரு பையனின் படம்,
படத்தின் முதுகில்
எனக்குத் தெரியாத எழுத்தில் ஒரே ஒரு வரி.

எறும்பாக எல்லாம் நான் தவிக்கவில்லை.
பத்து வெள்ளியை எடுத்துக்கொண்டேன்.
இரண்டை விட்டுவைத்தேன்.
அது நியாயம் என்று
எந்தக் கணக்கில் தோன்றியதோ தெரியாது.
பையைப் பெட்டிகளின் மேல் வைத்தேன்,
சாரல் படாத பக்கமாக.

பேருந்து நிலையத்தருகே
ஃபர்ஹானாவுக்கும் எனக்கும் பபிள் டீ.
உறிஞ்சுகுழலில் ஒரு ஜவ்வரிசி மாட்டிக்கொண்டது.
“யார் காசுடி?”
“மாமா குடுத்தது.”

அடுத்த வாரமே தேர்வு:
‘நீ கண்டெடுத்த ஒரு பொருள்’.
பேனா நின்றது.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
சுவர்க் கடிகாரத்தின் கீழ்
யாரோ தும்மினார்கள்.
பிறகு கை தானாகவே போயிற்று,
கதிரவன், பொற்கரங்கள்.

முப்பதுக்கு இருபத்தாறு.
திருமதி பத்மாசனி வகுப்பில் உரக்க வாசித்தார்.
சிவப்பு மையில் ‘உணர்ச்சிகரம்’ என்று போட்டிருந்தார்.
ஃபர்ஹானா என் பக்கம் திரும்பவில்லை.
எதுவும் எழுதியிராத மேசையை
அழிப்பானால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.
மணி அடித்ததும் கேட்டாள்:
“லோகா, இது யாரோட கதை?”

இன்று எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
சிரிக்காதீர்கள்.
அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகள் இருந்தால்
நான்காவது நான்.
‘மின்தூக்கி பழுதுபார்க்கப்படுகிறது.
இடையூறுக்கு வருந்துகிறோம்.’
வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று
ஆண்டு முழுக்கத் தட்டச்சு செய்கிறேன்.
நான் வருந்தியதில்லை.
அந்த ‘றோம்’ யார் என்றும் தெரியாது.

நேற்றிரவு தண்ணீர்க்குழாய் அறிவிப்பு ஒன்று.
‘வருந்துகிறோம்’ போட்டு முடித்த பிறகும்
விரல் நிற்கவில்லை.
அதற்குக் கீழே
நீலத் துணி என்று அடித்தேன்.
மழை விட்டும் விடாத நேரம் என்று அடித்தேன்.
எடுத்தேன் என்று அடித்தேன்,
தன்மை ஒருமையில்.
காற்றாடி சுற்றியது. மணி ஒன்றே கால்.
‘திடீரென்று’ எங்கும் வரவில்லை.

அன்று மாலையே போய்ப் பார்த்தேன் என்பதையும்
எழுதிவிடுகிறேன்.
பெட்டிகளின் மேல் பை இல்லை.
அவர்தான் வந்து எடுத்தாரா,
மீதி இரண்டு வெள்ளிக்காக
என்னைப்போல் இன்னொருத்தியா?

கடைசி வரிக்கு ஒரு பழமொழி
வாசலில் வந்து நிற்கிறது, குளித்துத் தலைசீவி.
நிற்கட்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது இருக்கும்.
படத்தின் முதுகிலிருந்த வரியை
யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்ல வழியில்லை.
வடிவம் மட்டும் நினைவிருக்கிறது:
மேலே நீளமாக ஒரு கோடு,
எங்கள் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில்போல.
அதிலிருந்து எழுத்துகள்
ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.